எட்டாவது மீன்

ஜூன் 4
வீடு மாற்ற லாரி 23ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. நாலடி மீன் டேங்க் அதில் ஏறாது.

ஜூன் 5
பெரம்பூர் அண்ணன் எல்லோ லேப் என்கிற என் மஞ்சள் மீன்கள் எத்தனை இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார், குஞ்சு எடுக்கிறவர், அதனால் வேற்று இனக் கலப்பு ஒன்றுகூட வரக் கூடாது என்று கறாராகச் சொன்னார். ஏழு மீனைப் பற்றிக் கவலையில்லை. எட்டாவதுதான். ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கியே கிடக்கிறது, ஊறின அவல் மாதிரி வெளிறிப்போய். முதுகுத் துடுப்பில் ஓட வேண்டிய கறுப்புக் கோட்டைக் காணோம். கொளத்தூரில் ஒரு கடையில் 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று ஒரே கவரில் வாங்கியவை எல்லாம். ரெட் ஜீப்ரா என்கிற இன்னொரு ஆப்பிரிக்க மீனோடு லேப் சுலபமாகச் சேர்ந்துவிடும், அந்தக் குஞ்சும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

ஜூன் 8
நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1956இல் ஃப்ரையர் என்ற விஞ்ஞானி லேப்புக்கு லேபிடோக்ரோமிஸ் செருலியஸ் என்று பெயர் வைத்தார். செருலியஸ் என்றால் நீலம்! இந்த இனம் வாழும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் மஞ்சள் ரகம் கொஞ்ச இடத்தில்தான் உண்டு. கறுப்போ, தோல் செல்லுக்குள் நிறத்துகள்கள் நடுவில் ஒடுங்கினால் நிமிடத்தில் மங்கிவிடும், பயந்தாலே போதும். மஞ்சள் வேறு கதை, அது தீனியிலிருந்து வர வேண்டும், மீன் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. வெள்ளை மணல் போட்டது நான். விலை குறைந்த தீனிக்கு மாறியது நான். பெரிய ஆண் இதைத் துரத்துவதைப் பார்த்தும் வீடு மாற்றும் அலைச்சலில் விட்டுவிட்டேன். நெஞ்சு கனக்கிறது.

ஜூன் 9
அம்மா ஜிலேபி மீன் வாங்கி வந்தார். அரிவாள்மனைக்குப் போகும் முன் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். மூக்குத் துளை பக்கத்துக்கு ஒன்றுதான், கெண்டைக்கு இரண்டு இருக்கும். உடம்பில் ஓடும் பக்கக்கோடு பாதியில் அறுந்து, வாலருகே கீழே தள்ளி மறுபடி தொடங்குகிறது. இதுவும் லேப் மாதிரி சிக்லிட் குடும்பத்து மீன்தான், கல் உப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் அந்தக் கோடு அப்படியே தெரிந்தது. ஆனால் அது குடும்பத்தைத்தான் சொல்லும். எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லையே.

ஜூன் 10
தூக்கமில்லை.

ஜூன் 12
தனியாகச் சின்னத் தொட்டிக்கு மாற்றினேன். கறுப்புக் கல், உடைந்த மண்சட்டி, மேலே துண்டு. இனி அதைத் துரத்த யாருமில்லை.

ஜூன் 15
இன்று வாயைப் பார்த்தேன்! லேப்புக்கு முன்வரிசைப் பல் ஒற்றைக்கூராக, இடைவெளி விட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், இடுக்கி மாதிரி. ஏரியில் பாறை இடுக்கிலிருந்து பூச்சியையும் நத்தையையும் அதில்தான் பிடுங்கும். ஜீப்ராவுக்கு இரட்டைக்கூர்ப் பல் நெருக்கமாக, பாசியைச் சுரண்ட. பல் தெரியும் அளவுக்கு என் போன் கேமரா போதவில்லை. ஆனால் கல்லில் ஒட்டிய தீனியை இது சுரண்டவில்லை, நின்று, குறிபார்த்து, ஒரே கொத்து. மூன்று முறை பார்த்தேன். கலப்பும் அப்படிக் கொத்தலாம் என்று அப்புறம்தான் தோன்றியது.

ஜூன் 17
அண்ணன் போன். ஏழுதான் என்று சொல்லிவிட்டேன். எட்டாவது? என்றார். இன்னும் பார்க்க வேண்டும் என்றேன்.

ஜூன் 18
பாதி வீடு அட்டைப்பெட்டியில்.

ஜூன் 20
விடியற்காலை துண்டை விலக்கி, டார்ச்சைத் தரையில் வைத்துப் பார்த்தேன். முதுகுத் துடுப்பில் மூன்றாவது முள் வரை கறுப்பு ஏறியிருக்கிறது.