தலை எண்ணுவது எடுபிடி வேலை அல்ல

வெளிப்புறக் கல்வி முகாமுக்கு இன்டர்னாக வருகிறவர்களில் பாதிப் பேர் நன்றாக மலையேறுவார்கள், மீதிப் பேர் நன்றாகத் துடுப்புப் போடுவார்கள். வந்த முதல் வாரத்தில் இரண்டுக்குமே வேலை இருக்காது. பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி ஆளாக நடக்கச் சொல்வார்கள், அடிக்கொரு தரம் எண்ணச் சொல்வார்கள். இதற்கா வந்தோம் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இந்தத் தொழிலின் உயிர் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பது எண்ணுவது ஆகாது. "வந்தாச்சு" என்று கோரஸாகப் பதில் வரும். வராத பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? ஆளுக்கொரு எண் கொடுத்து வரிசையாகச் சொல்ல வைத்தாலும், ஏழாம் எண் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தால் எட்டாம் எண்ணே நட்புக்காக ஏழையும் சேர்த்துச் சொல்லிவிடும். கண்ணால் முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். இரண்டு பெரியவர்கள் தனித்தனியாக எண்ணி, எண்ணி முடித்த பிறகு ஒப்பிடுங்கள். ஒருவர் "பன்னிரண்டு" என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மற்றவருக்கும் பன்னிரண்டுதான் வரும். வண்டியிலிருந்து இறங்கியதும், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், ஓடையைக் கடக்கும் முன்னும் பின்னும், இளைப்பாறி எழுந்ததும், விளக்கை அணைக்கும் முன்பும் எண்ணுவது கட்டாயம்.

கடைசியில் நடப்பவர் எந்தப் பிள்ளையையும் தாண்டிப் போகக் கூடாது. முன்னால் போகிறவர் பாதை பிரியும் இடத்தில் நின்று, கடைசி ஆளின் முகம் தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். சிறுநீர் கழிக்க ஒதுங்கும் பிள்ளை தன் பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். பை கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று பொருள். கடைசி ஆள் அங்கேயே நிற்பார். இந்த ஒரு பழக்கம் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எண்ணிக்கைதான். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மணிக்கு சுமார் 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது தேர்ந்த பெரியவர்களுக்கான வேகம். மூட்டை சுமக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மணிக்கு 3 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 கி.மீ. நடை, 400 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம், அதோடு நாற்பது நிமிடம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, சாப்பாட்டுக்கு ஒரு முக்கால் மணி நேரம் சேர்த்தால் ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். புது இன்டர்ன் மூன்று மணி நேரம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார். மூன்று மணி நேரம் கழிந்ததும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி தொடங்கும், அப்புறம் ஓயாது. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இருப்பிடம் சேரும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.

கிளம்பிய இருபதாவது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்துவது நல்லது. ஓய்வுக்காக இல்லை, காலுக்காக. "யாருக்காவது கால் வலிக்குதா?" என்றால் யாரும் கை தூக்க மாட்டார்கள். "குதிகால்ல சூடா, உரசுற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள், மூன்று கை உயரும். அந்தச் சூடுதான் கொப்புளத்தின் முதல் கட்டம். சாக்ஸைக் கழற்றி, தோலை நன்றாகத் துடைத்து உலர்த்தி, டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிச் சுருக்கம் இல்லாமல் ஒட்ட வேண்டும். கூர்மூலை சாக்ஸில் மாட்டி உரிந்துவிடும், ஈரத்தோலில் டேப் நிற்கவே நிற்காது. இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பலில் விட்டால் மறுநாள் ஒரு பிள்ளையின் மூட்டையை நீங்கள் சுமப்பீர்கள்.

குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் தானாக வந்து சொல்லாது. காரணமில்லாத சிடுசிடுப்பு, வாய் குளறல், கையிலிருந்து பொருள் நழுவுவது, நடையில் தடுமாற்றம், இந்த வரிசையில் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஜாக்கெட் ஜிப்பைத் தானே மூடச் சொல்லுங்கள், கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் குழு அங்கேயே நிற்க வேண்டும்: ஈர உடையை மாற்றி, தரையின் குளிர் ஏறாமல் அடியில் பாயைப் போட்டு, விழுங்கும் தெளிவு இருந்தால் இனிப்பாக ஏதாவது கொடுங்கள். நடுக்கம் நின்றும் பிள்ளை மந்தமாகவே இருந்தால் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. வெயிலிலும் குழப்பம்தான் அபாய அறிகுறி. உடல் கொதித்து, பேச்சும் தெளிவில்லை என்றால் முதலில் தண்ணீரில் நனைத்து, விசிறிக் குளிர்வியுங்கள். வண்டி ஏற்றுவது அதற்குப் பிறகு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையிடமோ கூட நடக்கும் பயிற்றுநரின் பையிலோ இருக்க வேண்டும். முகாம் அலமாரியில் இருக்கும் இன்ஹேலர் இல்லாததற்குச் சமம்.

இடிக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணும் நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். முப்பது நொடிக்குள் வந்தால் முகட்டையும் தண்ணீரையும் தனிமரத்தையும் விட்டு விலகி, முடிந்தால் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை நிகழ்ச்சி இல்லை. பிள்ளைகள் கெஞ்சுவார்கள். இருபதாவது நிமிடத்தில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

கயிறு ஏற்றத்தில் இன்டர்னுக்குத் தரப்படும் முதல் வேலை, ஏறுபவரைக் கயிற்றோடு இணைக்கும் பட்டைகளான ஹார்னஸை மாட்டிவிடுவது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். இறுக்கிய பிறகு இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பார்த்தால் இறங்கக் கூடாது. தடித்த ஸ்வெட்டருக்கு மேல் மாட்டினால் முதலில் இறுக்கமாகத்தான் தெரியும், ஏற ஏற உள்ளே துணி நகர்ந்து பட்டை தளரும். அதனால் ஸ்வெட்டரைத் தூக்கிவிட்டு மாட்டுங்கள். இடுப்பே சரியாக உருவாகாத சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு ஹார்னஸ் போதாது. தலைகீழானால் நழுவி வெளியே வர வாய்ப்பு உண்டு, முழு உடல் ஹார்னஸ்தான் சரி. ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, தாடைப் பட்டையில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவு. நீண்ட முடியைக் கட்டி உள்ளே சொருகியாயிற்றா?

கயிற்றை ஹார்னஸோடு கட்டும் எட்டு வடிவ முடிச்சைப் பார்க்கும்போது இரட்டை இரட்டையாகக் கயிறு போகும் ஐந்து இடங்களை எண்ணுங்கள். நான்குதான் தெரிந்தால் எங்கோ ஒரு சுற்று விட்டுப்போயிருக்கிறது. வெளியே நீளும் வால் ஒரு சாணுக்கு நெருக்கமாக, குறைந்தது 15 செ.மீ. இருக்கட்டும். கராபினர் என்ற உலோகக் கொக்கியின் பூட்டைப் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள், அமுக்கிப் பாருங்கள். பூட்டியதுபோலத் தெரியும் பூட்டுகள் நிறைய. இதில் தவறு நடப்பது அறியாமையால் அல்ல, பேச்சால். உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில் 1989-ல் பிரான்ஸில் பாறை ஏறும்போது, முடிச்சு போடும் நேரத்தில் கவனம் சிதறி அதை முடிக்காமலே ஏறி, உச்சியிலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தது பெரும்பேறு. அவருக்கே நடந்தது, உங்களுக்கு நடக்காதா? முடிச்சில் கை இருக்கும்போது எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும், தலைமைப் பயிற்றுநரே கூப்பிட்டாலும், முடித்துவிட்டுத்தான் நிமிர வேண்டும். நடுவில் நிறுத்த நேர்ந்தால் முழுவதும் அவிழ்த்து, புதிதாகப் போடுங்கள்.

ஆனாலும் பிள்ளைகளுக்குக் காயம் அதிகம் வருவது கயிற்றில் அல்ல, அடுப்பில் என்பது என் கணிப்பு. கயிற்றுக்கு எல்லாரும் பயப்படுவார்கள், அடுப்புக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். ஸ்பிரிட் அடுப்பின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு பிள்ளை பாட்டிலிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்றும், சுடர் ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்கே ஏறும். ஆகவே எரிபொருள் பாட்டில் பயிற்றுநரிடம் மட்டும். அடுப்பு ஆறி, வெறுங்கையால் தொடும் அளவு குளிர்ந்த பிறகுதான் அடுத்த ஊற்று, அதையும் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். இன்னொன்று உட்காரும் விதம். சம்மணம் போட்டு அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால், பாத்திரம் சாய்ந்தால் எழுந்து விலக முடியாது. கொதிநீர் நேராக மடியில் விழும். குந்தி உட்காரச் சொல்லுங்கள், துள்ளி விலகலாம். பாத்திரத்தைப் பிடிப்பது ஒருவர், கிளறுவது இன்னொருவர், மற்றவர்கள் இரண்டு எட்டு தள்ளி. கூடாரத்துக்குள் அடுப்பு எக்காரணம் கொண்டும் கூடாது, மழை கொட்டினாலும். தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

கைகொடுக்காமல் இருப்பதும் இந்த வேலைதான், இன்டர்ன்களுக்கு இதுதான் ஆகக் கடினம். கூடாரக் கம்பியைத் தப்பான துளையில் செருகிப் பிள்ளைகள் கால் மணி நேரமாகத் திணறுவார்கள். உங்களால் அரை நிமிடத்தில் சரிசெய்ய முடியும். கம்பி ஒடியப்போகிறதா? இருட்டப்போகிறதா? இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்த அந்தத் துளையை அவர்கள் மறக்க மாட்டார்கள். மாறாக, உயரத்தில் நின்று அழும் பிள்ளையை "இன்னும் ஒரே ஒரு படி" என்று நெருக்காதீர்கள். 1971-ல் தொடங்கிய ப்ராஜெக்ட் அட்வென்ச்சர் என்ற அமெரிக்கச் சாகசக் கல்வி அமைப்பு பரப்பிய கொள்கை ஒன்று உண்டு: எவ்வளவு தூரம் போவது என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்ய வேண்டும். பதினைந்து அடி ஏற வேண்டிய இடத்தில் மூன்றடி ஏறி இறங்கிய பிள்ளையும் தன் எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. கீழே நிற்பவர்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

விளக்கம் சொல்லும்போது சூரியன் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள், பிள்ளைகளின் கண் கூசக் கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். முடிந்த பிறகு கலந்து பேசும்போது "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் "ஒற்றுமை" என்று மனப்பாடப் பதில் வரும். "கயிறு சிக்கினப்ப முதல்ல யார் என்ன சொன்னாங்க? அதைக் கேட்டது யாரு?" என்று நடந்ததைப் பிடித்துக் கேளுங்கள்; பேச்சு தானாகச் சூடுபிடிக்கும். பல நாள் முகாமில் மூன்றாம் நாள் வாக்கில் சண்டை வரும். களைப்பும் வந்திருக்கும், புது முகக் கூச்சமும் போயிருக்கும். அது முகாம் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

தனி ஒரு பெரியவரும் தனி ஒரு பிள்ளையும் மூடிய இடத்தில் இருக்கக் கூடாது. அழும் பிள்ளையைத் தேற்றுவதானாலும் மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில். பிள்ளை ரகசியம் ஒன்றைச் சொல்ல வந்தால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயமாக அது இருக்கலாம்.

கண்ட குறையை எழுதிவைக்கும் கடமை இன்டர்னுக்கும் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில், ஒரு முகாமிலிருந்து சிறுபடகில் கடலுக்குப் போன பள்ளிப் பிள்ளைகளில் நான்கு பேர் இறந்தார்கள். அதே மையத்தில் வேலை பார்த்து விலகிய பயிற்றுநர்கள் இருவர் முந்தைய ஆண்டே பாதுகாப்புக் குறைகளைக் கடிதமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிதம் பின்னாளில் நீதிமன்றத்தில் முக்கியச் சான்றானது, 1995-ல் இத்தகைய மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. கடிதத்தை அப்போதே மதித்திருந்தால்! மயிரிழையில் தப்பியதை நேரம், இடம், வானிலை, யார் எங்கே நின்றார்கள் என்று அன்றிரவே நாலு வரி எழுதுங்கள். "நான் புதுசு, பெரியவங்களுக்குத் தெரியாததா" என்று விட்டுவிடாதீர்கள்.

வேலைக்குச் சேரும் முன் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? முதலுதவிப் பயிற்சிக்குப் பணம் யார் கட்டுவது? காப்பீடு உண்டா? பத்து நாள் முகாமுக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு? எத்தனை நிகழ்ச்சிகளைக் கூட இருந்து பார்த்த பிறகு தனியாக நடத்த விடுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு "வந்த உடனே நடத்தலாம்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

பிள்ளைகளை அனுப்பிய பிறகும் எண்ணிக்கை தீராது. கூடாரங்களை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளிலேயே பூசணம் பிடிக்கும், உள்பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரியும். விரித்து, நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு பையிலும் முளைகளை எண்ணிப் போடுங்கள். கயிற்றை முழு நீளமும் கைவிரலில் ஓட்டிப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கும் இடமோ கட்டிதட்டிய இடமோ தட்டுப்பட்டால் அந்தக் கயிற்றைத் தனியே ஒதுக்கி, அட்டை எழுதிக் கட்டி, பதிவேட்டில் தேதியோடு குறித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.