இடம் இருக்கிறது, ஆனால் ஃபைல் எழுத முடியவில்லை

எங்கள் பல்கலைக்கழகத்தின் கிளஸ்டரை, அதாவது ஆய்வுக் கணக்குகளுக்காகப் பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டிய அமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆய்வு மாணவர்களிடமிருந்து அடிக்கடி வரும் மெயில் இது: "சார், எனக்கு ஒதுக்கிய கோட்டாவில் பாதிகூட நிரம்பவில்லை. ஆனால் 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்று நான் ஓடவிட்ட ஜாப் நின்றுபோகிறது."

'எல்எஃப்எஸ் கோட்டா' என்ற கட்டளையை அடித்தால் இரண்டு கணக்குகள் வரும். ஒன்று எத்தனை ஜிபி, இன்னொன்று எத்தனை ஃபைல். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. அது நிரம்பினாலும் இதே எர்ரர்தான்.

எங்களிடம் இருப்பது லஸ்டர் என்ற, ஃபைல்களைப் பல சர்வர்களில் சேமிக்கும் ஃபைல் சிஸ்டம். அதில் ஃபைலின் பெயர், அனுமதி, எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்ற விவரமெல்லாம் மெட்டாடேட்டா சர்வரில் இருக்கும்; உள்ளிருக்கும் டேட்டா வேறு சர்வர்களில். 100 ஜிபி ஒரே ஃபைலாக இருந்தால், அதைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைத்து வேகமாகப் படிக்கலாம். லஸ்டரைக் கட்டியதே அதற்குத்தான். அதே 100 ஜிபி பத்து லட்சம் குட்டிப் படங்களாக இருந்தால், ஒவ்வொன்றைத் திறக்கவும் மெட்டாடேட்டா சர்வரிடம் போய் வரிசையில் நிற்க வேண்டும். ரேஷன் கடையில் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கப் பெரிய கூட்டம் நிற்கிற மாதிரி. அப்புறம் சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கும் ஃபைல் பட்டியலைக் காட்டும் சாதாரண 'எல்எஸ்' கட்டளைகூடத் தொங்கி நிற்கும். கலர் போட்டுக் காட்டும் 'எல்எஸ்' ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் தனித்தனியாகக் கேட்கும் என்பது பலருக்குத் தெரியாது.

சமீபத்தில் இலை நோய்ப் படங்களை வைத்து மாடல் பழக்கும் ஒரு மாணவிக்கு இதே சிக்கல். படங்களை ஒரே டார் ஃபைலாகக் கட்டச் சொன்னேன். ஜாப் தொடங்கும்போது அதை ஜாப் ஓடும் நோடின் (கிளஸ்டரில் உள்ள ஒரு கம்ப்யூட்டர்) சொந்த டிஸ்க்குக்கு காப்பி செய்து, அங்கே பிரித்து, அங்கிருந்தே படிக்க வேண்டும்; முடிவுகளைத் திரும்பவும் ஒரே கட்டாக எழுத வேண்டும். அவ்வளவுதான். அவருடைய ஹோம் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான ஃபைல்களோடு கிடந்த கோண்டாவையும் (பைதான் போன்ற மென்பொருள்களை நிறுவும் கருவி) அப்டெய்னர் இமேஜாக, அதாவது எல்லா மென்பொருளும் அடங்கிய ஒரே கட்டாக மாற்றினோம். அது ஒரே ஃபைல்.

ஸ்க்ராட்ச் என்ற தற்காலிக இடத்தின் விஷயம் வேறு. அங்கே பேக்கப் கிடையாது, பழைய ஃபைல்கள் தானாக அழியும். அதைத் தவிர்க்க மாணவர்கள் 'டச்' கட்டளை போட்டு ஃபைலின் தேதியை மாற்றி வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஜிபியு வாங்கக் கிடைக்கும் நிதி, டேட்டாவைப் பத்திரமாக வைக்கும் இடத்துக்குக் கிடைப்பதில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரிய இடத்திலும் டேட்டா போகும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டிபி, 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. அழித்தது, பத்து நாளுக்கு மேல் பழைய லாக்குகளை (பதிவு ஃபைல்கள்) மட்டும் அழிக்க வேண்டிய ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு). ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். அதை ஓட்டும் பாஷ், ஸ்கிரிப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டே ஓடும். அதனால் நடுவிலிருந்து புதிய வரிகளைப் பிடித்துக்கொண்டது. அழிக்க வேண்டிய ஃபோல்டரின் பெயரைத் தாங்கிய வேரியபிள் காலி. லாக்குக்குப் பதில் ஆய்வாளர்களின் ஃபைல்கள் போயின. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களுக்கு பேக்கப்பிலிருந்தும் மீட்க வழியில்லை.

எங்கள் கிளீன்அப் ஸ்கிரிப்ட்களில் இப்போது முதல் வரிகளிலேயே 'செட் மைனஸ் யு' இருக்கிறது. மதிப்பே தராத வேரியபிள் வந்தால் அங்கேயே நின்றுவிடும். புதிய பதிப்பை வேறு பெயரில் வைத்து, பழையது முடிந்த பிறகுதான் மாற்றுகிறோம்.