பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இறாக்கை

மட்டக்களப்பில் ஒரு பிரதேச சபையின் பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். நூலகவியல் டிப்ளோமா படிக்கிற பிள்ளைகளும் புதிதாக நியமனம் கிடைத்தவர்களும் அவ்வப்போது பயிற்சிக்கு வருவார்கள். அவர்களைப் பழக்கவென்று தனி நேரம் கிடையாது. இரவல் மேசையில் முத்திரை குத்திக்கொண்டே சொல்லிக்கொடுப்பதுதான்.

'பிள்ளைகளைக் கணினியில் இருத்துங்கள், பட்டியலாவது ஏறும்' என்று மேலே இருந்து சொல்வார்கள். நான் கேட்பதில்லை. திரும்பி வந்த புத்தகங்களை இறாக்கையில், அதாவது புத்தகத் தட்டில், அடுக்கத்தான் முதலில் விடுவேன். "மிஸ், இதுக்கா டிப்ளோமா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் தூயி தசாம்சப் பகுப்பில் தமிழ் நாவலுக்கு 894.8113. மலையாள இலக்கியத்துக்கு 894.812. எது முன்னுக்கு? அநேகமானோர் 8113 பெரிய எண் என்று அதைப் பின்னுக்கு வைப்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இலக்கம் இலக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் படித்ததுதான். ஆனால் கை பழகுவது இறாக்கைக்கு முன்னால் நின்றால்தான்.

அடுத்தது ஆசிரியர் பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் நிற்கும் எழுத்து பெரும்பாலும் அப்பாவின் பெயர். ஆகவே நுஃமான், எம். ஏ. என்று சொந்தப் பெயரில் பதிவு போகும். நீலாவணனின் இயற்பெயர் சின்னத்துரை. வாசகர் அந்தப் பெயரைச் சொல்லியா கேட்பார்? பதிவு நீலாவணனில், சின்னத்துரையில் தேடுபவருக்கு 'நீலாவணன் காண்க' என்று ஒரு குறிப்பு. கிழக்கிலங்கை எழுத்தாளர்களின் நூல்களை ஒரு கட்டு எடுத்துக் கொடுத்துவிட்டால் பாதிப் பாடம் தானாக நடக்கும்.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். தகப்பன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். அன்பளிப்பாக வந்த குவியலில் ஒரு வடமோடிக் கூத்துப் பிரதி கிடந்தது. முழுக்கப் பாட்டாக இருக்கிறதே, கவிதையில் வைப்போமா என்று கேட்டாள். "இதைத் தேடி யார் வருவார் மனே?" என்றேன். "கூத்தைக் களரி ஏத்துற ஆக்கள்தான், மிஸ்." சரி, அப்படியென்றால் அது நாடகம், 894.8112. கூத்து ஆடும் முறையைப் பற்றிய ஆய்வு நூல் என்றால் 792க்குப் போகும். கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் எனக்கு ஆடிக் காட்டியே விளக்கினாள். அன்று மேசையில் வேலை ஓடவில்லை.

பயிற்சி முடிந்து போனபிறகுதான் உண்மையான தொல்லை. பாடசாலை நூலகத்தில் தனி ஆளாகப் போய் இருப்பார்கள். புத்தகம் குறைந்தால் கணக்கெடுப்பில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அலுமாரியைப் பூட்டிவிடுவார்கள். இந்தப் பயம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆகவே போகுமுன், வந்து சேரும் புத்தகங்களை வரிசையாகப் பதியும் சேர்வுப் பதிவேட்டை விரித்து வைத்துச் சொல்வேன்: கிழிந்தது, தொலைந்தது, கறையான் தின்றது எல்லாவற்றையும் குறிப்புப் பகுதியில் திகதியோடு எழுதி, அதிபரிடம் கையெழுத்து வாங்கு. ஐந்து வருடம் கழித்து ஒரேயடியாகக் கண்டுபிடிக்கப்படும் குறைவுதான் ஆபத்து. அவ்வப்போது எழுதி வைத்த குறைவை விளக்கலாம்.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். இரவில் தலைப்புப் பக்கத்தின் படம் வரும், கீழே ஒரு கேள்விக்குறி. போன கிழமை அதே படுவான்கரைப் பிள்ளை கண்ணகையம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாடல் அச்சிட்ட சிறு புத்தகத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். 294.5இல் சமயமா, 894.8111இல் கவிதையா? இரண்டு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுதானாம். வைகாசிச் சடங்கு முடியும் வரை மேசையிலேயே வைத்து, யார் கேட்டு வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு இலக்கம் போடு என்று எழுதினேன். தனக்கென்னவோ 294.5தான் சரி என்று படுகிறதாம்.