ஹேட்ரியன் மதிலில் ஒரு கோட்டையும் சில மர ஏடுகளும்

வட இங்கிலாந்தின் ஹெக்ஸம் நகரிலிருந்து மதிலோரமாகச் செல்லும் பேருந்துக்கு 'ஏடி 122' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்த ஆண்டு அது, கி.பி. 122. கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சால்வே முகத்துவாரம் வரை சுமார் 117 கிலோமீட்டர் நீளத்துக்கு அவர் காலத்தில் எழுப்பப்பட்ட மதிலில், ரோம மைலுக்கு ஒரு சிற்றரண், அடுத்தடுத்த சிற்றரண்களுக்கு நடுவே இரண்டு காவற்கோபுரங்கள், இவை தவிர பெரும் படைக்கோட்டைகள் என்று எல்லாமே அளந்து வைத்த ஒழுங்கில் அமைந்திருந்தன.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் புல்மேட்டில் ஏறித்தான் போக வேண்டும். மூலைகள் வளைந்த நீள்சதுரமாக, ஏறத்தாழ ஐந்து ஏக்கர் பரப்பில் அது சரிவில் கிடக்கிறது. இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த துங்ரியர் படைப்பிரிவு, ஏறக்குறைய 800 பேர், இங்கே தங்கியிருந்தது. தானியக் களஞ்சியத்தின் தளத்தைக் குட்டையான கல்தூண்கள் தாங்கியிருந்தன. அடியில் காற்று ஓடினால்தான் அந்த ஈர மண்ணில் தானியம் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். ஆனால் நான் அதிக நேரம் நின்றது தென்கிழக்கு மூலையிலுள்ள கழிப்பறையில்தான். கோட்டையின் மிகத் தாழ்வான இடம் அது என்பதால், தொட்டிகளில் சேர்ந்த மழைநீர் ஆழமான சாக்கடையை அலசிக்கொண்டு வெளியேறியது. மேலே இருந்த மர இருக்கைகள் மட்கிவிட்டன. அருகிலுள்ள கல்தொட்டியின் விளிம்புகள் தேய்ந்து குழிந்திருக்கின்றன. கத்தி தீட்டியதாலோ துணி துவைத்ததாலோ என்கிறார்கள்.

அங்கிருந்து மேற்கே சற்று நடந்தால் முப்பத்தேழாம் எண் சிற்றரண் வருகிறது. அதன் வடக்கு வாயிலைத் தாண்டினால் செங்குத்தான சரிவு; வண்டி இறங்க வழியே இல்லை. மைலுக்கு ஒரு வாயில் என்பது ஆணை, ஆகவே பாறை விளிம்பிலும் வாயில் வைத்துவிட்டார்கள். அரசு வேலை அன்றும் அப்படித்தான் நடந்திருக்கிறது! ஆயினும் இத்தனை வாயில்கள் வைத்த மதிலை வெறும் தடுப்பு என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. யார் வருகிறார்கள், எதைக் கொண்டு போகிறார்கள் என்று கவனிப்பதும் அதன் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

மதிலுக்குத் தெற்கே உள்ள விண்டொலாண்டா, மதிலுக்கும் முந்திய கோட்டை. காற்றுப் புகாத ஈர மண்ணடுக்குகளில் 1973 முதல் இங்கே மையால் எழுதிய மெல்லிய மர ஏடுகள் கிடைத்து வருகின்றன. ஒரு படைத்தலைவரின் மனைவியான கிளாடியா செவெரா, தன் பிறந்தநாளுக்கு வருமாறு தோழி சுல்பிசியா லெபிடினாவை அழைத்த மடலை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசி வரிகளை மட்டும் செவெராவே தம் கையால் சேர்த்திருக்கிறார். ஒரு பெண் இலத்தீனில் எழுதி இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. இன்னொரு ஏட்டில் ஒருவருக்குக் காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பிய செய்தி இருக்கிறது.

என்னை நிறுத்திய ஏடு வேறு. படைவீரர்கள் வாங்கிய பொருள்களின் கணக்கான அதில், தாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேராக, மிளகு, இரண்டு தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) என்று பதிந்திருக்கிறது. யவனர் கலங்கள் முசிறியில் பொன்னைத் தந்து மிளகை ஏற்றிச் சென்றதைச் சங்கப் பாடலில் படித்திருக்கிறோம். அந்தச் சரக்கு எகிப்து வழியாகப் பேரரசின் வடகோடி வரை வந்து, பெரிய பதவி எதுவும் இல்லாத ஒரு வீரனின் கணக்கில் ஏறியிருக்கிறது.