பிளேக் மாரியம்மனும் மைக்ராஸ்கோப்பும்

கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இருக்குதுங்க, தெரியுமா? நூறு வருசத்துக்கு முன்னால பிளேக்ங்கற கொள்ளை நோயால கொத்துக் கொத்தா சாவு விழுந்தப்ப, ஆத்தா காப்பாத்துவான்னு சனம் கும்பிட்டது. உயிரியல்ல செல் பாடம் எடுக்கறவங்க இங்கிருந்து ஆரம்பிக்கோணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

1665ல ராபர்ட் ஹூக் தக்கையச் சீவி மைக்ராஸ்கோப்புல பார்த்து அந்தக் குட்டி அறைங்களுக்கு செல்னு பேர் வெச்சாரு, கொஞ்ச வருசத்துல லீவன்ஹூக் தண்ணியில நெளியற உசுருங்களப் பார்த்துட்டாரு, ஆனா இந்த மாதிரி கிருமிதான் நோயக் கொண்டாருதுன்னு நிரூபிக்க இன்னும் இருநூறு வருசம் ஆச்சுங்க. பிளேக் கிருமிய 1894ல ஹாங்காங்ல யெர்சின் கண்டுபிடிச்சாரு. 1898ல கராச்சியில சைமண்ட், எலி மேல இருக்கற தெள்ளுப்பூச்சிதான் பரப்புதுன்னு காட்டுனாரு, எலி செத்துச்சுன்னா தெள்ளு அடுத்த சூடான உடம்பத் தேடி மனுசன் மேல ஏறிக்கும்.

ஸ்கூல் மைக்ராஸ்கோப்புல வெங்காயத் தோல் செல் பளிச்சுன்னு தெரியும், பாக்டீரியா 1000 மடங்கு பெருசாக்குனாலும் புள்ளி மாதிரிதான், வைரஸுக்குப் பெரும்பாலும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பே வேணும். பிளேக் பாக்டீரியாங்கறதால இன்னைக்கு சீக்கிரம் ஆன்டிபயாட்டிக் குடுத்தா பொழைச்சுக்கலாம், சாதா சளி வைரஸால வர்றது, அத இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாதுங்க.