முட்டம் கலங்கரை விளக்கம்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்துக்கு வருகிறவர்களில் நிறைய பேர் பாறையில் நின்று படம் எடுத்துவிட்டு அப்படியே வண்டி ஏறிவிடுகிறார்கள். மேட்டில் நிற்கிற கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தக் கரை திருவிதாங்கூர் சீமையாக இருந்த காலத்திலேயே எழுந்தது அது. நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-இல்தான்.

எனக்கு எப்போதும் வியப்பு அந்த விளக்கின் வேலைதான். பல்பு சின்னதுதான்; வெளிச்சத்தைச் சிதறவிடாமல் ஒரே கற்றையாக்கிக் கடலுக்குள் அனுப்புவது அதைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பட்டைகள். பிரான்சின் இயற்பியல் அறிஞர் ஃப்ரெனெல் 1820-களில் கண்டுபிடித்த வித்தை அது. அப்புறம், பக்கத்துப் பக்கத்து விளக்குகள் ஒரே மாதிரி மின்னாது. இத்தனை வினாடிக்கு இத்தனை மின்னல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. கப்பல்காரர் அதை எண்ணியே எந்தக் கரை என்று தெரிந்துகொள்வார்.

நம்ம கடல்காரர்களின் அறிவு இதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. பகலில் ஒரு மலை உச்சியையும் கோவில் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்து, கடலுக்கு அடியில் இருக்கும் பாரை, அதாவது பாறைத் திட்டை, சரியாகக் கண்டுபிடிப்பார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு இதைக் கற்றுக்கொள்கிற இளைஞர்கள் குறைவு. பெரியவர்களிடம் கேட்டு யாராவது எழுதி வைத்தால் எவ்வளவு நல்லது!

நாகர்கோவிலில் இருந்து பஸ் இருக்கிறது. மேலே ஏற விடுகிற நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், சுவரில் மட்டும் பேர் எழுத விடாதீர்கள்.