சாவா மூவாப் பேராடு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

கல்வெட்டு வகுப்பில் இன்று மூன்றாவது வாரம். சத்துவாச்சாரியில் ஐயா வீட்டு மொட்டைமாடி, ஒன்பது பேர். எனக்கு 68 வயது, பக்கத்தில் உட்காரும் கல்லூரிப் பையனுக்கு 19. இருவருமே 'பாடு' என்பதைப் 'பரடு' என்று படித்தோம். பழைய எழுத்தில் காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். இரட்டைக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. அதனால் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எது தமிழாக வருகிறதோ அதைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு இது புதிது இல்லை. காட்பாடி ஜங்ஷன் டிக்கெட் கவுன்ட்டரில் 34 வருஷம் இருந்தேன். வேலூருக்கு வைத்தியம் பார்க்க வந்து ஊர் திரும்பும் வங்காளத்துக்காரர்கள் கண்ணீரோடு கிறுக்கித் தரும் ரிசர்வேஷன் படிவத்தை, வாயால் முணுமுணுத்தேதான் படிப்பேன். அந்தத் திறமைக்கு இனி வேலை இல்லை என்று ரிட்டயர் ஆன அன்றே முடிவு கட்டியிருந்தேன்.

ஜனவரி 22, புதன்

காலையில் கோட்டை அகழி ஓரமாக நடை. ஐந்து பேராக நடந்தோம் ஒரு காலத்தில். ஒருத்தி மகளோடு பெங்களூர் போய்விட்டாள். ஒருத்திக்கு முட்டி. என் கவுன்ட்டருக்குப் பக்கத்துக் கவுன்ட்டரில் 20 வருஷம் இருந்தவள் இந்த மார்கழியில் போய்ச் சேர்ந்தாள். இப்போது நானும் அக்காவும்தான். அக்காவுக்கு 74. இன்று ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டார். "போதும்டி, இன்னாத்துக்கு நடக்கறோம்னே தெரியல" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் அகழித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று படித்ததை எழுதாமல் தூங்க முடியாது.

கோயிலில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும் என்றால், சோழர் காலத்தில் 90 ஆடு கொடுப்பார்களாம். சில ஊர்களில் 96. இடையர் அந்த ஆட்டை வாங்கிக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு.

பையன் உடனே கேட்டான்: "அதெப்படிங்கய்யா, ஆடு சாகாம இருக்கும்?"

சாகும்தான். கிழடும் ஆகும். ஆனால் 90 என்றால் எந்நாளும் 90. ஒன்று செத்தால் ஒரு குட்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடு மாறிக்கொண்டே இருக்கும், மந்தை நிற்கும், விளக்கு எரியும். ஐயா இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

எட்டு வருஷமாக நான் செத்த ஆட்டை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேலை போச்சு, இடது முட்டி போச்சு, சிநேகிதி போனாள், ராத்திரிப் பயணம் போச்சு. குட்டி சேர்த்தேனா? வயசானால் ஆசை குறையும் என்கிறார்கள், குறையத்தான் செய்யும். அந்த இடத்தில் வேறு ஒன்றைக் கொண்டுவந்து கட்டுவது இடையர் வேலை. அந்த வேலையை நான் பார்க்கவே இல்லை. இந்த வகுப்பு ஒரு குட்டி. இன்னும் ஒன்றிரண்டு வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

ஐயா வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்: சாய்வெளிச்சத்தில் கல்லைப் பார்த்துப் பழகுவது. நேர்வெயிலில் எழுத்து தெரியாது. சுண்ணாம்போ மாவோ பூசவே கூடாது, கல் கெட்டுவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் பள்ளத்தில் நிழல் தங்கும், எழுத்து எழுந்து நிற்கும்.

வீட்டில் கல் ஏது? கொல்லையில் மாமியார் காலத்து அம்மி கிடக்கிறது. இருட்டின பிறகு டார்ச்சோடு போனேன். குனிந்து பிடிக்க முட்டி விடவில்லை. நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "எதுக்கு?" என்றார். "சும்மா புடிங்க" என்றேன்.

டார்ச்சை மேலே பிடித்தபோது அம்மி வழவழவென்று மொட்டையாக இருந்தது. மெல்ல இறக்கி, கல்லோடு கல்லாகப் படுக்க வைத்தார். உளி விழுந்த புள்ளி ஒவ்வொன்றும் எழும்பி வந்தது, வரிசை வரிசையாக, ஓரத்தில் நெருக்கமாக, குழவி அதிகம் ஓடிய நடுவில் தேய்ந்து. நடுவில் ஒரு பூ கூட இருந்தது. ஆறு இதழ். இத்தனை வருஷம் இதன்மேல் மிளகாய் அரைத்திருக்கிறேன், பார்த்ததில்லை.

அவர் டார்ச்சை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் பிடித்தார். "அம்மி கொத்தறவன் கொசப்பேட்டைப் பக்கமிருந்து வருவான். எங்கம்மா அவனுக்குக் கூழு ஊத்துவாங்க" என்றார். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் தானாக ஒரு பழைய விஷயம் சொல்லி நான் கேட்டதில்லை. கொசு கடிக்கக் கடிக்க அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேல்பாடி. பொன்னை பஸ்ஸில் காலையிலேயே போய்விட்டோம், வகுப்பில் ஏழு பேர், அப்புறம் டார்ச் பிடிக்க அவர்.

ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படை இது, அதாவது செத்த ராஜாவின் நினைவாகக் கட்டிய கோயில். 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்றுதான் கல்வெட்டு சொல்கிறது. செத்தவர் என்று சொல்லாமல் துஞ்சினவர், தூங்கினவர் என்று சொல்லியிருப்பதைப் பார்த்து எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். ஆயிரம் வருஷத்துக் கோயில், சின்னது, சுத்தமாக இருக்கிறது. இந்த ஊர்க் கல்வெட்டுகளை 1899லேயே அச்சில் போட்டுவிட்டார்கள், நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அது தெரிந்தும், ராஜராஜன் புகழ்பாடும் 'திருமகள் போல' என்ற தொடக்க வரி 'திருமகள் பொல' என்று ஒற்றைக் கொம்போடு என் விரலுக்குக் கீழே வந்தபோது கை நடுங்கியது. நானே படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கே ஒரு கல்வெட்டில் இடையர்கள் விளக்கு நெய்க்கு 90 ஆடு ஏற்றுக்கொண்ட செய்தியும் உண்டு என்றார் ஐயா.

மதியம் ஆற்றோரம் ஒரு அம்மா ஆடு ஓட்டி வந்தார். என் வயதுதான் இருக்கும். "எத்தினி ஆடும்மா?" என்று கேட்டுவிட்டேன். "எண்ண மாட்டோம்மா, கண்ணு பட்டுடும்" என்றார். பேச்சு வளர்ந்ததும் ஒரு கிழ ஆட்டைப் பிடித்து உதட்டை விலக்கிக் காட்டினார். ரெண்டு பல்லு, நாலு பல்லு என்று பல்லை வைத்துத்தான் வயது சொல்வார்களாம். இதற்கு எல்லாம் முளைத்துத் தேய்ந்தும் விட்டது, ஒன்று விழுந்தே போயிருந்தது.

"விக்கலியா?"

"இத வித்துட்டா மத்தது எந்தப் பக்கம் போவும்? தண்ணி எங்க கீது, தழ எங்க கீதுன்னு இதுக்குத்தான தெரியும்."

விட்டதும் அது மேலே ஏறிப் போனது. மற்றவை பின்னால் போயின.

பிப்ரவரி 13, வியாழன்

அக்கா இன்று இரண்டு சுற்று நடந்தார். மேல்பாடிக் கதை முழுக்கக் கேட்டுவிட்டு, தனக்கு எழுத்தெல்லாம் வராது, ஆனால் ஊர் ஊராகப் பஸ்ஸில் போக ஆசை என்றார். சரி, புளிசாதம் அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று.

ராத்திரி போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் இடத்தில் நான் 'கெடு' என்று எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து 'கேடு' என்கிறார். கொம்பு ஒன்றுதான், அதற்கு முந்தின எழுத்து சிதைந்திருக்கிறது. ஐயாவுக்குப் போன் போட்டோம். படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது, காலை வெயில் அந்தச் சுவரில் சாயும் நேரத்தில் போய்ப் பாருங்கள் என்றார்.

பொன்னைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.